கொடியில் கிடந்த சட்டை

மாதுங்காவில் எங்கள் திரைப்படச் சங்கம் பள்ளிக்கூட ஹாலில் பிரெஞ்சுப் படம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, படப்பெட்டி வந்த பிறகுதான் தெரிந்தது, திரையின் அடியில் ஆங்கில வரிகள் வராதென்று. செயலாளர் அனந்தநாராயணன் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நாகு, இந்தப் படத்தோட நாவலைத் தமிழ்லே படிச்சிருக்கியோல்லியோ? மைக்கோட திரைக்குப் பக்கத்துலே நின்னு கதையைச் சொல்லிடு. உபன்யாசம் மாதிரி."

"சினிமாவுக்கு உபன்யாசமா, மாமா?"

"பாதி ஹால் நடுவிலே எழுந்து போச்சுன்னா, அடுத்த மாசத்துலேர்ந்து இந்திப் படம்தான். கமிட்டி சொல்லிட்டா."

மொழிபெயர்ப்பு நாவல்களில் பனியையும் பாரிஸையும் படித்துப் படித்துக் கனவு கண்டவள் நான். அவற்றைக் கண்ணால் பார்க்க இருந்த ஒரே இடம் அந்த ஹால். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

படத்தில் யுத்தகாலம். ஜெர்மானியர் பிடித்துவிட்ட கிராமம். ஒரு விதவை, தப்பி வந்த சிப்பாயைப் பரணில் ஒளித்து வைத்திருக்கிறாள். நான் மூச்சு விடாமல் பேசினேன். 'உள்ளம் குமுறியது' என்றேன். 'விதியின் கரம்' என்றேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். பயத்தில் இன்னும் வேகமாகப் பேசினேன்.

ஜெர்மன் அதிகாரி ஒருவன் பால் வாங்க வந்தான். முற்றத்துக் கொடியில், பாவாடைகளுக்கு நடுவே, ஓர் ஆண்பிள்ளைச் சட்டை.

"இப்போது அவள் மனத்தில்..."

"சித்த வாயை மூடேண்டி!" முன்வரிசையிலிருந்து எங்கள் மாடி வாலாம்பாள் மாமி. "எங்களுக்குக் கண் இல்லையா?" உடனே திரையைப் பார்த்து, "அசடே, சட்டையை எடு! அவன் பாத்துட்டான்டி!"

ஹால் சிரித்தது, பிறகு கப்சிப். அதிகாரி சட்டையைத் தொட்டான். அத்தோடு ரீல் தீர்ந்து விளக்கு எரிந்தது.

ஒருவரும் காபிக்கு எழவில்லை. "காசிம், போடுப்பா!" என்று கத்தினார்கள். தாராவியிலிருந்து படம் ஓட்ட வந்திருந்த காசிம் தலையை நீட்டினார்.

"இருங்க சாமி, ரீலு மாத்தாண்டாமா? அவன் எங்கயும் ஓடிற மாட்டான்."

மாமி பையை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தாள். மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதிகாரி சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தான். பட்டாளத்து மடிப்பாக மடித்தான். அவள் கையில் கொடுத்துவிட்டுப் பால் பாத்திரத்தோடு போனான். நாவலில் அந்த இடத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். மடிக்கும்போது அவன் விரல்கள் நடுங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"படுபாவி," என்றாள் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நன்னாயிருக்கணும்."

படம் முடிந்து திரும்பிப் பார்த்தேன். ஹால் நிறைந்திருந்தது. எழுந்து போன இருவரும் வாசலில் நின்றபடியே பார்த்து முடித்திருந்தார்கள். அனந்தநாராயணன் மாமா தூரத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்தினார்.

படிக்கட்டில் மாமியை எட்டிப் பிடித்தேன். "மாமி, ரொம்ப தேங்க்ஸ்."

"எதுக்குடி? திட்டினதுக்கா?" என்று சிரித்தாள். "அடுத்த படத்துக்கும் முன்னாடியே சீட் போட்டு வை. நீயும் பக்கத்துலே உக்காரு. பேசாம."