லாவிகேர் பாலத்தின் பலகைகள்

எங்கள் ஊரைச் சுற்றிவரும் சைக்கிள் பாதையில் மோட்டார் வண்டி எதுவும் நுழையக்கூடாது. பெரும்பகுதி பழைய ரயில் ஓடிய தடம் அது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பிறகு கல்தூள் கொட்டி உருளை ஓட்டினார்கள். ஸ்டேஷனில் ஏறினால் ஏரிக்கரை, மேப்பிள் தோப்பு, பிசையோன் பண்ணையின் பின்புறம், அப்புறம் கறுப்பாற்றின் மேல் எங்கள் பாலம், அங்கிருந்து மறுபடி ஸ்டேஷன். கியூபெக்கின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் கூடாரத்தைச் சுருட்டிப் பின்சக்கரத்தின் மேல் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

எங்கள் பாலம் என்று சும்மா சொல்லவில்லை. ரயில் கம்பெனி போனபோது அந்த நிலம் எங்கள் குடும்பத்துக்கே திரும்பியது. பாதை போட வேண்டும் என்று ஊராட்சி வந்து கேட்டபோது என் அப்பா வழியைச் சும்மாவே கொடுத்தார். ஒரே நிபந்தனை: பாலத்தை லாவிகேர் குடும்பம்தான் பார்த்துக்கொள்ளும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அப்பாவுக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். என் பெயர் ஓவிட் லாவிகேர்.

இந்த வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைந்தபோது கொட்டகைச் சுவர் அகலத்துக்குப் பாளங்கள் வந்து மோதின. நடுப்பகுதியின் பலகைகளும் கைப்பிடியும் போய்விட்டன. இரும்பு உத்தரங்கள் மட்டும் மிஞ்சின.

மே மாத ஊர்க்கூட்டத்தில் பாதைச் சங்கத் தலைவி மாரிலூ எழுந்தாள். நாற்பது வயது இருக்கும். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"ஜூன் கடைசியில பெரிய சைக்கிள் பயணக் கூட்டம் நம்ம ஊர் வழியா வருது. பாலம் இல்லேன்னா அவங்களை நெடுஞ்சாலையிலதான் திருப்பிவிடணும். மரலாரி பறக்கிற ரோடு அது. குழந்தைங்களைப் பின்னாடி உக்கார வச்சு மிதிக்கிறவங்க வருவாங்க. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நம்ம ஊரை விட்டுட்டு வேற வழியா போகச் சொல்லிடுவேன்."

பின்வரிசையிலிருந்து ரெஜான் பிசையோன் குரல் கொடுத்தான். என் அடுத்த பண்ணைக்காரன். வேலித் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை.

"பாலம் லாவிகேர் பேர்ல, பலகை ஆத்து பேர்ல. நடுவுல சைக்கிள்காரன் நீந்தட்டும்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. நான் எழுந்து நின்றேன்.

"அந்தக் கூட்டம் வர்ற அன்னைக்குப் பாலம் நிக்கும். லாவிகேர் சொல்றேன்."

சிரிப்பு நின்றது. சொல்லை ஊர் நடுவில் வைத்தாயிற்று. இனி அதைக் காப்பாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஊருக்குள் நடக்கக்கூடாது.

மரத்துக்குக் குறைவில்லை. எங்கள் காட்டில் வெட்டி அறுத்த ஹெம்லாக் பலகைகள் கொட்டகையில் காய்ந்து கிடந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். என் மகன்கள் ஆல்பர்ட்டாவில் இருக்கிறார்கள். வீட்டில் நானும் விதவையான தங்கை யூகெட்டும் மட்டும். கூலிக்கு ஆள் வைத்தால் அது லாவிகேர் வேலை ஆகாது. கோர்வே கூட்டுவது என்று முடிவு செய்தேன். கொட்டகை எரிந்தாலும், கூரை பறந்தாலும் அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் ஒன்றுகூடிக் கட்டிக் கொடுப்பதற்கு இங்கே அதுதான் பெயர். ஊரில் நடந்த எல்லாக் கோர்வேக்கும் நான் சுத்தியலோடு போயிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கென்று ஒன்று கூட்டியதே இல்லை.

மளிகைக் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டினேன்: சனிக்கிழமை காலை, லாவிகேர் பாலத்தில் கோர்வே, சாப்பாடு உண்டு.

சனிக்கிழமை யூகெட் பெரிய பானை நிறைய மேப்பிள் பாகு ஊற்றி பீன்ஸ் சுட்டு எடுத்து வந்தாள். பலகைகளை டிராக்டரில் கொண்டுவந்து அடுக்கினேன். கறுப்பு ஈக்கள் வந்தன. மனிதர் ஒருவரும் வரவில்லை. பண்ணைச் சாலையில் நாலைந்து பிக்கப் வண்டிகள் மெதுவாக ஊர்ந்தன, கொஞ்சம் நின்றன, போய்விட்டன.

"வேடிக்கை பாக்க வந்திருக்கானுங்க" என்றேன்.

யூகெட் ஒரு தட்டில் பீன்ஸ் போட்டு என்னிடம் நீட்டினாள். "ஓவிட், கடைப் பலகையில என்ன ஒட்டுவாங்க?"

"என்ன ஒட்டுவாங்க?"

"பழைய ஃப்ரிட்ஜ் விக்கிறது, பூனைக்குட்டி குடுக்கிறது. அதுக்குப் பக்கத்துல போய் நம்ம வீட்டுப் பேரை ஒட்டியிருக்க. கோர்வேன்னா ஒவ்வொரு வாசல்லயும் போய் நின்னு வாயால கேக்கணும். மத்தவங்க நம்ம வாசலுக்கு வந்து கேட்டாங்களா இல்லையா?"

"வந்தாங்க."

"அப்ப உனக்கு மட்டும் என்ன, கால் சுளுக்கா?"

தட்டை வாங்கிக்கொண்டு பீன்ஸைச் சாப்பிட்டேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோட்டைக் கழற்றாமலே கிளம்பினேன். பிசையோன் வீட்டைத் தாண்டி, அடுத்திருந்த பால் பண்ணைக்கார வீட்டுக் கதவைத் தட்டினேன். கேட்டேன். அந்த வீட்டம்மா மிஸ்யூ, அதாவது ஐயா, போட்டு மரியாதையாகத்தான் பேசினாள்.

"கண்டிப்பா வர்றோம், மிஸ்யூ லாவிகேர். ரெஜான் என்ன சொன்னாரு?"

"அவன்கிட்ட இன்னும் கேக்கல."

"ஓ." கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். "பக்கத்து வீட்டைத் தாண்டிட்டு எங்ககிட்ட வந்தீங்கன்னா, நாங்க எப்படி மிஸ்யூ முதல்ல சரின்னு சொல்றது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. முதல் வாசல் பக்கத்து வாசல்தான். யாரைக் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பார்கள்.

ரெஜான் பிசையோன் தன் முகப்பில் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, நான் சாலையில் திரும்புவதிலிருந்து படியேறும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"வழி தவறிட்டியா லாவிகேர்? உன் வீடு அந்தப் பக்கம்."

"தெரியும். உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

"வேலியைப் பத்தியா?"

"வேலி இருக்கட்டும். பாலத்துக்குப் பலகை போடணும். வர்ற சனிக்கிழமை கோர்வே. நீ வரணும்."

"இது கேக்கிற மாதிரி இல்லையே. உத்தரவு மாதிரி இருக்கு."

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். குனிந்து கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் நிமிர்ந்து நின்றும் கேட்கலாம் என்று அந்தப் படியில்தான் எனக்குத் தோன்றியது.

"ரெஜான், என்னால தனியா முடியாது. ஊர் நடுவுல வாக்குக் குடுத்துட்டேன். உன் உதவி வேணும். கேக்கிறேன்."

ரெஜான் மாதா கோவில் சாமான்களின் பெயரை ஒன்று விடாமல் இழுத்து ஒரு நீளமான வசை விட்டான். இங்கே அதுதான் வசை, சில நேரம் அதுதான் சந்தோஷமும். பிறகு வீட்டுக்குள் திரும்பி மனைவியை நோக்கிக் கத்தினான்.

"ஜினெட்! என் பெரிய சுத்தியலை எடு! ஆள் வாயைத் திறந்துட்டான்!" என்னிடம் திரும்பினான். "நேத்து சுத்தியல் வண்டியிலதான் கிடந்தது, மடையா. எல்லாரோட வண்டியிலயும் கிடந்தது. ரோட்டுல நின்னு, இப்ப கூப்பிடுவான், இப்ப கூப்பிடுவான்னு பாத்தோம். நீ சிலுவைக் கம்பம் மாதிரி நின்ன. கூப்பிடாத இடத்துக்கு எப்படிடா வர்றது?"

பிறகு கதவுகள் தானாகத் திறந்தன. எல்லா வாசலிலும் நின்றேன், எல்லா வாசலிலும் கேட்டேன். சாயங்காலம் வீடு திரும்பியபோது வயிறு காப்பியால் நிரம்பியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பாலத்தின் இரண்டு கரையிலும் பிக்கப் வண்டிகள் வரிசைகட்டின. பலகையை நீளவாக்கில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்றான் ரெஜான்.

"முடியும். இடுக்குல டயர் மாட்டி சைக்கிள்காரன் மூக்கும் உடையும்" என்றேன். "குறுக்காத்தான் போடணும்."

"பாலக்காரர் சொன்னா சரி" என்று அவன் சல்யூட் அடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

இரு பக்கத்திலிருந்தும் ஆணி அடித்துக்கொண்டே வந்தோம். கைப்பிடியை, சைக்கிளில் உட்கார்ந்தவன் சாய்ந்தாலும் தாங்கும் உயரத்துக்கு ஏற்றினோம். மத்தியானத்துக்குள் யூகெட்டின் பானை காலியாகி, ஜினெட் கறிப்பணியாரம் கொண்டுவந்து அதுவும் காலியானது. நடுப்பலகையின் ஒரு முனையை ரெஜான் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன். இருவரும் ஒன்றாக இறக்கினோம். மாரிலூ அளவுகோலுடன் வந்து கைப்பிடியை அளந்தாள், பலகை மேல் குதித்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, "வழியை மாத்த வேண்டாம்" என்று சொன்னாள்.

கூட்டம் வந்த நாள் வெயில் சுள்ளென்று இருந்தது. முதலில் காதில்தான் விழுந்தது: புதுப் பலகை மேல் டயர்கள் உருளும் அந்தக் கடகடப்பு, தொலைவில் ரயில் வருவதுபோல. பிறகு அவர்களே வந்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பின்னால் பைகள், இழுவண்டிகளில் தூங்கும் குழந்தைகள், மணி அடிக்கும் கிழவர்கள். ஒருவரும் இறங்கவில்லை. ஒருவரும் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. தொலைவில் நெடுஞ்சாலையில் மரலாரிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சல் அங்கேயே இருந்தது.

கடைசி ஆள் கடந்ததும் மாரிலூ எங்களைப் பார்த்துக் கத்தினாள்: "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? சைக்கிளை எடுங்க!"

கொட்டகைகளிலிருந்து எடுத்தார்கள். செயின் துருப்பிடித்தது, கூடை வைத்தது, பேரப்பிள்ளையுடையது. ரெஜானுக்குக் கிடைத்தது ஜினெட்டின் இளஞ்சிவப்பு சைக்கிள். என் கறுப்பு சைக்கிளைத் துடைத்து முன்னாலேயே தயாராக வைத்திருந்தேன்.

"முன்னாடி போ லாவிகேர்" என்றான் ரெஜான். "என்னை எவன் பாத்துச் சிரிச்சாலும் உன் முதுகு மறைக்கட்டும்."

நான் முன்னால் மிதித்தேன். பலகைகள் அடியில் அதிர்ந்தன, ஒன்றுகூட முனகவில்லை. எங்கள் சாலைக்காரர்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள். யூகெட் யாரையோ வழிவிடச் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தாள். ஸ்டேஷன் வளைவில் திரும்பியபோது, புல்வெளியில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்த பயணக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார். பிறகு புல்வெளி முழுவதும் தட்டியது.

நான் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஒருமுறை அசைத்தேன். லாவிகேருக்கு அது போதும்.