முதலாம் ஓலை

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஜலால் பாயின் கார்டு கடை. கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் கம்ப்யூட்டர் திரையில் வந்ததும் சாராளின் கண்ணில் முதலில் பட்டவர் மாப்பிள்ளையின் தாய்மாமன்தான். பெயருக்குக் கீழே 'ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர்' என்று தடித்த எழுத்து. மனிதர் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிறது. அவருக்கு அடுத்து, கூட்டுறவு சங்கத்தின் முன்னாள் செயலாளரான சித்தப்பா. மாப்பிள்ளை ஜாய்சனின் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. இருந்தது, கீழே கம்பெனிப் பெயரும் இருந்தது. சாராளின் மகள் பெயர் மட்டும் 'செல்வி ஜெரூஷா' என்று மொட்டையாக நின்றது.

“பாய், என் பொண்ணு பேருக்கு முன்னாடி முனைவர்னு எழுதிக் கொடுத்தேனே, எங்க அது?”

ஜலால் பாய் மாப்பிள்ளையின் அம்மா ரத்தினபாயைப் பார்த்தார். “இவங்கதான் மேடம் போன் பண்ணி எடுக்கச் சொன்னாங்க.”

ரத்தினபாய் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச் சிலுவையும் இரண்டு புறாக்களும் போட்ட தந்த நிற அட்டை. தேர்ந்தெடுத்தது அவள்தான், சாராளும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பத்திரிகை போதும் என்று நிச்சயத்தன்றே பேசி முடித்ததும் ரத்தினபாய்தான். அதற்கும் சாராள் தலையாட்டியிருந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பையன் பி.இ., பொண்ணு டாக்டர்னு பக்கத்துல பக்கத்துல வந்தா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? பையன் ஒரு படி இறங்கின மாதிரி தெரியும்ல. எதுக்கு அது? சிம்பிளா இருக்கட்டுமே.”

“சிம்பிளாவா? அப்போ உங்க அண்ணனோட தாசில்தார் உத்தியோகம் எதுக்கு? அவருக்கா கல்யாணம்?”

“பெரியவங்களுக்கு மரியாதை செய்யணும் இல்ல?” என்றாள் ரத்தினபாய், சிரித்தபடியே.

சாராளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜகீழ்ப்பாக்கம் ஏரியில் ஆரம்பித்து, இந்தப் பக்கத்து ஏரி ஒன்று விடாமல் முழங்கால் சேற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்து ஆராய்ச்சி செய்தவள் ஜெரூஷா. வீட்டு ஃபிரிட்ஜில் மோருக்கு இடம் இருக்காது. சாக்கடை கலந்த ஏரித் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக உட்கார்ந்திருக்கும். அவள் அப்பா தேவானந்தம் ஒருநாள் எலுமிச்சை ஜூஸ் என்று நினைத்து ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்தே விட்டார். இவ்வளவும் பட்டு வாங்கிய பட்டம். அட்டையில் இரண்டு புறாக்களுக்கு இடம் இருக்கிறது, அதற்கு இடமில்லையாம்!

சாராள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“விடு சாராள். நாம பொண்ணு வீட்டுக்காரங்க” என்றார் தேவானந்தம், மெதுவாக.

அவரிடம் வேறெதையும் அவள் எதிர்பார்க்கவில்லை. அம்மாவோடு வந்திருந்த ஜாய்சனைப் பார்த்தாள். இவனாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று நம்பினாள். அவனோ ஒரு கவரின் வாயை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான். உலகத்தில் அதைவிட முக்கியமான வேலை அவனுக்கு இல்லை.

“திங்கட்கிழமை மிஷின்ல ஏத்திடட்டுமா?” என்றார் ஜலால் பாய்.

“ஏத்துங்க” என்றாள் ரத்தினபாய்.

சாயங்காலம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்த ஜெரூஷா, அம்மா கொட்டித் தீர்த்ததைச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“கார்டுதானேம்மா. கல்யாணம் முடிஞ்சா யாரு வச்சுக்கப் போறாங்க?” என்றாள். பிறகு, “ஜாய்சன் என்ன சொன்னாரு?”

“கவரு ஒட்டினாரு.”

“ஒண்ணுமே சொல்லலையா?”

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றாள். அதுவரை சாராளுக்கு ரத்தினபாய் மேல்தான் கோபம். இப்போது அது அந்த வாய் திறக்காத பிள்ளை மேல் திரும்பியது. இன்றைக்கு அட்டையில் பட்டத்தை மறைக்கச் சொல்லும்போது சும்மா இருந்தவன், நாளைக்கு வேலையை விடச் சொன்னாலும் சும்மாதானே இருப்பான்?

சபைக் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று சபைப் போதகரான ஆயர் மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பார். பெண்ணின் சபையிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளையின் சபையிலும் வாசிப்பார்கள். பெண்ணின் விவரத்தைப் பெண் வீட்டார்தான் கொடுக்க வேண்டும். மறுநாளே சாராள் ஆயர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“முனைவர் ஜெரூஷான்னு எழுதிக்கோங்கய்யா.”

“ஓலையில பட்டம் வாசிக்கிற வழக்கம் இல்லையேம்மா.”

“வாசிக்கக் கூடாதுன்னு இருக்காய்யா?”

ஆயர் யோசித்துப் பார்த்தார். அப்படி எங்கேயும் இல்லை. மாப்பிள்ளையின் மேடவாக்கம் சபைக்கும் அப்படியே அனுப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாராள் தன் சபைக்குப் போகவில்லை. தேவானந்தத்தை ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி, தண்ணீர் லாரிகளுக்கு நடுவே மேடவாக்கம் போய், ரத்தினபாய்க்கு நேர் பின் வரிசையில் உட்கார்ந்தாள்.

“ஜாய்சனுக்கும், ராஜகீழ்ப்பாக்கம் தேவானந்தம் சாராள் தம்பதியரின் மகள் முனைவர் ஜெரூஷாவுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால் அறிவிக்க வேண்டும். இது முதலாம் ஓலை.”

மைக்கில் 'முனைவர்' கணீரென்று கேட்டது. ரத்தினபாய் வெடுக்கென்று திரும்பினாள். சாராள் கண்ணை எடுக்கவே இல்லை. சொல்லேன், தடை இருந்தால் இப்போது சொல்லேன் பார்க்கலாம்!

ஆராதனை முடிந்ததும் பெண்கள் ரத்தினபாயைச் சூழ்ந்துகொண்டார்கள். “மருமக டாக்டராமே! சொல்லவே இல்ல?”

“ஆமாமா, ஏரித் தண்ணி ஆராய்ச்சி” என்று ரத்தினபாய் பூரித்துப் போனாள். அவளே ஏரியில் இறங்கி அள்ளியவள் மாதிரி! சாராளுக்குக் காதில் புகை வந்தது. வாசலில் நின்ற ஜாய்சனிடம் நேராகப் போனாள்.

“தம்பி, சபையில யாரும் தடை சொல்லல. ஆனா இன்னும் ரெண்டு ஓலை இருக்கு. அதுக்குள்ள உங்க வாய் திறக்கலைன்னா, எழுந்து நின்னு தடை சொல்றது நானாத்தான் இருக்கும்.”

“சாராள்!” என்றார் தேவானந்தம்.

“நீங்க சும்மா இருங்க. இருபத்தெட்டு வருஷமா அதைத்தானே செய்றீங்க.”

ஜாய்சனின் முகம் சிவந்தது. “ஏன் வாய் திறக்கலைன்னு ஜெரூஷாவும் போன்ல கேட்டா ஆன்ட்டி.” பிறகு போனை எடுத்தான்.

“பாய், ஜாய்சன் பேசறேன். நாளைக்கு மிஷின்ல ஏத்தற கார்டுல ஒரு திருத்தம். பொண்ணு பேருக்கு முன்னாடி முனைவர் போடுங்க. ஆமா, பெருசாவே போடுங்க.”

ரத்தினபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “டேய், யாரைக் கேட்டுடா மாத்தற?”

“ஆயர் ஐயா உள்ளேதான் இருக்காரும்மா” என்றான் ஜாய்சன். “தடை இருந்தா போய்ச் சொல்லுங்க.”

ரத்தினபாய் போகவில்லை. சாராள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. இந்த ஒரு வார்த்தையை அவன் அன்றைக்கே கடையில் சொல்லியிருந்தால், மகள் பட்டினியாகப் படுத்திருக்க மாட்டாளே.