பாக்தாத் தட்டு

அஸ்தர்லாப் என்னும் பித்தளைக் கருவி சூரியனின் உயரத்தைப் பார்த்து நேரம் சொல்லும். ஆனால் அதனுள் அந்தந்த ஊருக்கான தட்டைப் போட்டால்தான் சரியாகச் சொல்லும். பாக்தாத்திலிருந்து ஏடனுக்கு மாற்றலாகி வந்த ஆளுநர் தாஹிருக்கு, தட்டு செய்கிறவன் என்ற முறையில், ஏடன் தட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னைப் பாத்தா மீன் நாத்தம் புடிச்ச இந்த ஊர்க்காரன் மாதிரியா இருக்கு? பாக்தாத் தட்டே உள்ள கெடக்கட்டும்!"

கிடந்தது. கோடையில் ரமலான் வந்தது. கோடையில் பாக்தாத்தின் பகல் ஏடனைவிட நீளம்; அங்கே விடிவதும் முந்தி, பொழுது சாய்வதும் பிந்தி. எங்கள் கண்ணெதிரே சூரியன் கடலில் முங்கியது, பாங்கும் கேட்டது. ஆளுநர் வீட்டு விருந்துக்குப் போயிருந்த நாங்கள் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோனோம்.

"நிறுத்துங்கய்யா! கணக்குப்படி இன்னும் பொழுது சாயல," என்றார் ஆளுநர், கருவியைத் தூக்கிக் காட்டி.

"ஆமாங்க எசமான், இந்த ஊரு சூரியனுக்கு எப்பவுமே அவசரம்," என்றார் இமாம், கையிலிருந்த பழத்தையே பார்த்தபடி. நட்சத்திரம் முளைக்கும்வரை பட்டினி கிடந்தோம்.

மறுநாள் விடியுமுன், நோன்பு தொடங்குவதற்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டிய சஹர் நேரத்தில், ஆளுநரின் வேலையாள் என் கதவை இடித்தான்.

"அந்த ஏடன் தட்டைச் சீக்கிரம் குடுங்க. பாக்தாத் கணக்குல விடிஞ்சு போச்சாம், ஐயாவுக்கு இன்னும் ஆட்டுக்கால் பாக்கியிருக்கு!"