ஓவியா போட்ட பதிமூன்று

விருதுநகரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஓவியா நான்கு வருடமாக வேலை பார்த்தாள். தாயில்பட்டிப் பட்டாசு ஆலை ஒன்றுக்கு அவர்கள் ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்கள். கார்டைக் காட்டி ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் நுழைந்தால் போர்மேனின் போன் அலற வேண்டும். கூடுதல் ஆள் வெளியேறும்வரை அந்த அறைக்கு வெடிமருந்து கொடுக்கக் கூடாது. ஓவியாவுக்கு மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம். அவளுடைய அம்மா பாலம்மாளுக்கு அச்சங்குளத்து ஆலையொன்றின் மருந்து அறையில்தான் வேலை.

அந்தப் பகுதிக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று திங்கட்கிழமை குழு கூடிக் கணித்தது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் புள்ளி எழுதிய சீட்டைத் திருப்பினார்கள்; எண் பெரிதானால் உழைப்பும் அதிகம். எட்டு, எட்டு, எட்டு, ஐந்து. ஓவியா மட்டும் பதிமூன்று.

"சிக்னல் போயிட்டா என்னாகும்? ஒருத்தர் கார்டுல ரெண்டு பேரு உள்ள போனா? இதையெல்லாம் சோதிக்காம எப்படிக் குடுக்க?"

அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு எல்லாரும் பதிமூன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்தக் குழு இரண்டு வாரத்தில் முடிப்பதே மொத்தம் பதினைந்து புள்ளிதான்.

புதன்கிழமை வேலைப் பட்டியலைத் திறந்தால் பதிமூன்று இருந்த இடத்தில் மூன்று. பக்கத்தில், 'மதிப்பீடு: ஓவியா'. அதே இரண்டு வாரத்துக்குள் இன்னும் நான்கு வேலைகள் திணிக்கப்பட்டிருந்தன.

விறுவிறுவென்று மேலாளர் செல்வக்குமாரின் அறைக்குப் போனாள்.

"சார், பதிமூணை யாரு மூணாக்குனது?"

"நான்தான். ரெண்டு வாரத்துல எல்லாம் முடிச்சுத் தாரோம்னு ஆலை அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன். எஸ்டிமேட்டுதானே, முன்னப்பின்ன இருக்கும்."

"சோதனை அம்புட்டையும் தூக்கிட்டீக. அதுல எம்பேரு எதுக்கு?"

"சத்தம் போடாத. கஸ்டமர் ஓடிட்டா நீயா பதில் சொல்லுவ?"

"ரூமு வெடிச்சா நீங்க சொல்லுவீகளா?"

வெளியே எல்லார் காதிலும் விழுந்தது. திங்கட்கிழமை அவளோடு சேர்ந்து வாதாடிய தஹ்மீனாகூடத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது ஓவியாவை இன்னும் எரித்தது.

மறுநாள் தாயில்பட்டியில் ஆலை முதலாளி சங்கரலிங்கத்திடம் செல்வக்குமார் விளக்கிக்கொண்டிருந்தார். ஓவியாவும் கூட இருந்தாள். "ஆள் எண்ணிக்கையும் இந்த ரெண்டு வாரத்துலயே வந்துரும் அண்ணாச்சி."

"வராது" என்றாள் ஓவியா. "பேருக்குப் போனு அலறும் அண்ணாச்சி. ஆனா சோதிச்சிருக்க மாட்டோம். அதை நம்பி மருந்து குடுத்துராதீக."

சங்கரலிங்கம் செல்வக்குமாரை முறைத்தார். "ரெண்டு வாரத்துல வேணும்னு நான் எப்பய்யா கேட்டேன்? சீசனுக்கு முன்னாடின்னுதானே சொன்னேன். இன்னும் ரெண்டு மாசம் கெடக்கே!"

யாருமே கேட்காத அவசரம் அது என்று தெரிந்ததும் ஓவியாவின் கோபம் இரண்டு மடங்கானது.

"இதுக்கு எம்புட்டு நாளு வேணும்மா?"

"முழுசா ரெண்டு வாரம். மத்ததெல்லாம் அப்புறந்தான்."

"அப்ப இதையே மொதல்ல செய்யி."

திரும்பும்போது காரில் செல்வக்குமார் சொன்னார்: "தனியாச் சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து தனியாத்தான் சார் சொன்னேன்."

சோதனையில், சிக்னல் அறுந்த நேரத்தில் ஆறு பேர் நின்ற அறையைச் செயலி காலி என்று காட்டியது. அதைச் சரிசெய்யவே மூன்று நாள் பிடித்தது. அடுத்த மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு செல்வக்குமார் ஓவியாவை அழைக்கவில்லை. அவள் தானாகவே உள்ளே போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.