சுவருக்கு அந்தப் பக்கத்துக் காய்கள்

திரிபுரசுந்தரியின் வீட்டுக்கும் சஃபியாவின் வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர் இந்த மழையில் ஊறி, தெருப்பக்கத்து முனையில் சாய்ந்துவிட்டது. நாளைக் காலை மேஸ்திரி முத்துவேல் வந்து இடிப்பார். அந்தச் சுவரின் அடியில்தான் சுந்தரியின் அடுக்கு வெள்ளைச் சங்குப்பூக் கொடி வேரோடியிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஆலுவா சிவராத்திரிச் சந்தையில் கன்றாக வாங்கியது. பெயர்த்து நட்டால் பிழைக்காது. அப்புறம் எந்த நர்சரியில் கேட்டாலும் நீலம்தான் இருந்தது. விதை எடுத்தாக வேண்டும்.

காலை முழுக்கத் தேடினாள். ஒரு காய்கூட இல்லை. எப்படி இருக்கும்? எட்டு வருஷமாக விடிந்ததும் கூடையோடு வந்து, ஒரு பூ விடாமல் பறித்துச் சிவனுக்குச் சாத்திவிடுவாள். பூவைக் கொடியில் விட்டால் சுவாமிக்குக் குறை வைத்ததாகும் என்று நினைப்பு.

கடைசியில் இலை மறைவில் ஒன்று அகப்பட்டது. ஆவலில் கிள்ளிப் பிளந்துவிட்டாள். உள்ளே பச்சைப் பிஞ்சு விதைகள். நகம் பட்டதும் நசுங்கின.

“என்ன மாமி தேடறீங்க, மோதிரமா?” சுவருக்கு மேலே சஃபியாவின் தலை தெரிந்தது.

“விதைக்குக் காய் தேடறேன்டி. ஒண்ணே ஒண்ணு இருந்தது. அதையும் கொன்னுட்டேன்.”

“உங்க கையிலே பூவே தப்பாது, காய் எங்கே தப்பும்? இங்கே வந்து பாருங்க.”

சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிய கொடியில், தட்டை அவரை போலப் பதினோரு காய்கள் தொங்கின.

“நீ ஒரு பூகூடப் பறிக்கலையா?”

“உங்க சாமிக்கு உள்ளது, நான் தொடலாமா? பறிச்சுத் தரலாம்னா, நான் எழுந்திருக்கும்போதே உங்க பூஜை மணி கேட்டுரும்.”

தான் எடுக்காமல் விட்டதாலும் ஒருவர் இன்னொருவருக்கு உதவ முடியும் என்று சுந்தரிக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் காய்கள் இப்போதுதான் மஞ்சளாகியிருந்தன. கொடியிலேயே பழுப்பேறி, ஆட்டினால் உள்ளே கலகலக்க வேண்டும்.

“இன்னும் பத்து நாளாவது வேணும். நாளைக்கு இடிக்கப் போறாரே” என்றாள்.

மறுநாள் முத்துவேல் பையை இறக்கும் முன்பே சஃபியா சாயாவோடு நின்றாள். “அண்ணே, சாய்ஞ்ச பக்கத்திலேர்ந்து தொடங்குங்க. கொடி இருக்கிற நாலடியைக் காய் முத்தினப்புறம் கடைசியிலே இடிச்சா மதி, அது போதும்.”

“சுவர் இடிக்கவா வந்தேன், காய்க்குக் காவல் இருக்கவா?”

“ரெண்டுக்கும்தான். தினம் சாயா உண்டு.”

அவர் சிரித்துக்கொண்டே அந்த நாலடிக்கு இரண்டு கழிகளை முட்டுக் கொடுத்தார்.

வெடித்து விதை தெறித்துவிடாமல் இருக்க, சஃபியா தான் தலையில் போடும் பழைய தட்டத்தைக் கிழித்துக் காய்களைத் தளர்வாகச் சுற்றிக் கட்டினாள். பன்னிரண்டாம் நாள் சுந்தரி ஒன்றைக் காதருகே ஆட்டினாள். கலகலத்தது. விதைகளில் பாதியைச் சஃபியாவின் கையில் வைத்தாள். அதன் பிறகுதான் அந்த நாலடியும் விழுந்தது.

சிவராத்திரிக்கு முன்பே புதுச்சுவரின் இரண்டு பக்கமும் கொடி பூத்தது. சுந்தரி கூடையோடு திரும்பும்போது சஃபியா கூப்பிட்டாள்.

“மாமி, மேலே ரெண்டு பூவை மறந்துட்டீங்க!”

“மறக்கலைடி. அதுவும் சிவனுக்குத்தான், அடுத்த வருஷத்துக்கு.”