அப்பாவிடம் சொல்லாத பல்

1

இந்தக் கதை, நான் வாயைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் எனக்குக் கிடைத்தது. முன்பல் ஒன்று உடைந்துவிட்டது. புதுப் பல்லுக்கு நிறம் பார்த்து வரச் சொல்லி டாக்டர் என்னை லேபுக்கு அனுப்பியிருந்தார். பல் செட் செய்கிற அந்தப் பெண், மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக என் பல்லோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தபடியே பேசினாள். என்னால் ‘உம்’ கொட்டத்தான் முடிந்தது. குறுக்குக் கேள்வி கேட்க முடியாத ஆள் கிடைத்தால்தான் மனிதர்கள் மனம் திறக்கிறார்கள் போலும். (கதையில் எங்காவது ஓட்டை தெரிந்தால் பழியை என் வாய்மேல் போடுங்கள்.)

பிறகு, “இதை எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“பேர் போடாம எழுதுங்க. அப்புறம், என்னை நல்லவளா ஆக்கிடாதீங்க.”

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

வசந்தம் பிறந்ததும் மரங்களெல்லாம் – வேண்டாம். அவள் மரங்களைப் பார்க்கவே இல்லை.

அது ஓர் அழகான சின்னக் குடும்பம் – பொய் இல்லை. ஆனால் பொய்போலத் தொனிக்கிறது.

அவளுக்குத் தன் கணவன்மேல் பொறாமை. இது இருக்கட்டும்.

கணவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். மகளுக்கு ஐந்து முடிந்து ஆறு பிறக்கப் போகிறது; வீட்டில் அவள் பெயர் வாலு. காலையில் அப்பாவின் பேருந்திலேயே போய், மாலையில் அதிலேயே வருவாள். பள்ளி லீவு என்றால் அவனுக்கும் லீவு. அம்மா லேபை விட்டு வீடு வந்து சேர்கையில், அப்பாவும் மகளும் அன்றைய சிரிப்பையெல்லாம் சிரித்து முடித்திருப்பார்கள். “என்னடா, எனக்கும் சொல்லுங்க” என்றால், “உனக்குப் புரியாதும்மா” என்பாள் வாலு. அணைக்கப் போனால், “உன் கையில மருந்து வாசம்” என்று மூக்கைச் சுளிப்பாள்.

குளிர் விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை மூவரும் பூங்காவுக்குப் போனார்கள். ஊரே ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு புல்வெளியில் கிடந்தது. வாலு ஏணியிலிருந்து விழுந்தாள். முட்டியில் சிராய்ப்பு. அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றாள். மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்தாள்.

வாலு எழுந்தாள். அந்தக் கைகளைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு ஓடினாள். தூரத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்த அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அழவே தொடங்கினாள்.

“அம்மா இங்கதானேடி இருந்தேன்?”

“அப்பா ஊதினாத்தான் சரியாகும்.”

விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முழங்காலில் புல்லைத் தட்டிவிட்டாளாம். அங்கே தட்டிவிட எதுவும் இல்லை.

3

இங்கே ஒரு சிக்கல். இந்தக் கணவனை எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பாத்திரம் தேய்க்கிறான். மகளுக்குப் பின்னல் போடுகிறான். மனைவிக்குக் கால் வலித்தால் கேட்காமலே வெந்நீர் வைக்கிறான். என் கதையில் எல்லாருக்கும் பிடித்தவனாக அவன் வளைய வருவதைப் பார்த்து எனக்கே வயிறு எரிந்தது. ஒரு பத்தியில் அவனைக் கத்த வைத்தேன். இன்னொன்றில் குடிக்க –

இரண்டையும் அடித்து நீக்கிவிட்டேன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவள்பாடு சுலபம். நல்லவன்மேல் வரும் பொறாமையை வெளியில் சொல்லக்கூட முடியாது.

4

ஒருநாள் பள்ளிச் சுற்றுலா. பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவன் விடியும்போதே கிளம்பிவிட்டான். அபூர்வமாக அன்று வாலுவுக்குப் பல் தேய்த்துவிடும் வேலை அம்மாவிடம் வந்தது. கீழ் வரிசை முன்பல்லில் அவள் விரல் நின்றது. பல் ஆடியது.

ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்து கொடுத்த விரல் அது. தன் மகளின் முதல் பல் விழப்போவதை உலகத்திலேயே முதலில் தெரிந்துகொண்டது அதுதான். அவளுக்கு உடம்பே சிலிர்த்ததாம்.

“இது நம்ம ரெண்டு பேருக்குள்ள மட்டும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“அப்பாகிட்டகூடவா?”

இந்த இடத்தில் அவள் கொஞ்சம் தயங்கினாள் என்று எழுதத்தான் ஆசை. “தயங்கவே இல்லைங்க,” என்றாள்.

“அப்பாகிட்டதான் சொல்லக் கூடாது.”

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் அம்மாதான் ராணி. பல் தேய்த்துவிடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். தினமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பல்லை ஆட்டிப் பார்ப்பார்கள். கிசுகிசுப்பார்கள். கதவுக்கு வெளியே அவன், “என்னடா, எனக்கும் சொல்லுங்க,” என்பான். உள்ளே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

வாலு ஒரு பக்கமாகவே மெல்லத் தொடங்கியதை அவன் கவனித்தான். “ஏன் இப்படிச் சாப்பிடுறா? காது வலியா இருக்குமோ?”

“உங்களுக்கு எல்லாத்துக்கும் பதற்றம்,” என்றாள்.

5

பிறந்தநாளையும் பூங்காவில்தான் வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு குழந்தைகள், பலூன், அவனே செய்த கோணல் கேக். வாலு முதல் துண்டைக் கடித்தாள். உடனே சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். உதட்டோரம் ரத்தம்.

அவன் கேக் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். “என்னம்மா ஆச்சு? வாயைத் திற.”

வாலு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“அப்பாதான்டா கண்ணு. அப்பாகிட்ட காட்டு.”

மாட்டேன் என்று தலையாட்டினாள். விரலிடுக்கில் ரத்தமும் எச்சிலும் வழிந்தன. கண்ணில் நீர் முட்டியது. அவன் ஓர் அடி எடுத்து வைத்தால் அவள் ஓர் அடி பின்வாங்கினாள். சுற்றி நின்ற பெற்றோர்கள், பெற்ற பிள்ளையே பார்த்துப் பயப்படும் அப்பனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்கள். வாலுவின் கண் அம்மாவைத் தேடியது.

“சொல்லலாம்டா. காட்டு,” என்றாள் அம்மா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வாலு வாயைத் திறந்தாள். நாக்கின்மேல் பல். எல்லாரும் கைதட்டினார்கள்.

அவன் பல்லைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தான். பிறகு மகளிடம் மெதுவாகக் கேட்டான்: “எப்போலேர்ந்து ஆடுது?”

வாலு மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள்.

6

முடிவுகள்.

அ) அவன் சிரித்துவிடுகிறான். (எழுதினேன். இவ்வளவு நல்லவன் எவனும் இல்லை.)

ஆ) வீட்டுக்குப் போய்ப் பெரிய சண்டை, அவள் அழுது மன்னிப்புக் கேட்க – (பாதியில் விட்டேன். அழுகை வந்தால் எழுத்தாளனுக்கு வேலை மிச்சம்.)

உண்மையில் நடந்ததைக் கேட்டேன். “அவர் சண்டையெல்லாம் போடலைங்க. ‘என்கிட்ட சொல்லியிருக்கலாமே’ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதோட சரி. ஆனா வாலு மாறிட்டா. அவர் என்ன கேட்டாலும், பசிக்குதா, தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட, முதல்ல என் முகத்தைப் பாக்குறா. சொல்லலாமா வேணாமான்னு. அவ முதல்ல என்கிட்ட வரணும்னுதான் ஆசைப்பட்டேன். வந்துட்டா.”

இந்த ஞாயிறு மூவரும் மலையடிவாரத் தோட்டத்துக்குப் போவதாக இருக்கிறார்கள். அங்கே அவன் மகள் முன்னால் குனிந்து, “அப்பா தோள்ல ஏறிக்கிறியா?” என்று கேட்பான். கட்டாயம் கேட்பான், அந்த அளவுக்கு அவனை எனக்குத் தெரியும். வாலு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த நொடியில் அம்மாவின் முகம் எப்படி இருக்க வேண்டும்? சிரித்தால், அதுவும் ஓர் அனுமதிதான். வேறு பக்கம் திரும்பிக்கொண்டால், குழந்தை அதைக் கோபம் என்று நினைக்கும். ஏழு முறை எழுதிப் பார்த்தேன். ஏழிலும் வாலு காத்துக்கொண்டே நிற்கிறாள். அவன் குனிந்தபடியே இருக்கிறான், முதுகு வலிக்கும்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. உங்களுக்கு இருந்தால், அந்த முகத்தை நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம்.