விண்ணப்பதாரர் நேரில் வரவேண்டும்

இதனால் திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் வாழ் பொதுமக்களுக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் உயர்திரு அப்பாதுரை அவர்கள், தம் மருமகள் சிந்துஜாவின் இதயக் கோளாறுக்கான மூலகாரணத்தைத் தாமே விசாரணை நடத்திக் கண்டுபிடித்துவிட்டார்.

சென்னையில் இருக்கும் இதய டாக்டர் இந்த விஷயத்தில், பாவம், பின்தங்கிவிட்டார். எக்கோ எடுத்துப் பார்த்தார். சின்ன வயசில் மூட்டெல்லாம் வீங்கி ஜுரம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றாள் சிந்துஜா. அந்த ஜுரம் போகிற போக்கில் இதய வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது, அது இப்போது சுருங்கி ரத்தம் போக வழியில்லாமல் திணறுகிறது, நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைத்தாக வேண்டும் என்றார். தீபத் திருவிழா முடிந்ததும் வந்து அட்மிட் ஆகு, அதுவரை மாடி ஏறாதே, வெயிட் தூக்காதே என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்பாதுரைக்கு அதற்கு மேல் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தை ஹாலில் கூட்டினார். தன் குரல் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக ஃபேனை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"வேண்டுதல் பாக்கி இருக்குது. ஓவியா பொறந்தப்ப கரும்புத் தொட்டில் கட்டறதா வேண்டிக்கிட்டது. மூணு வருஷமாச்சு, கட்டல. அதான் நெஞ்சுல வந்து நிக்குது."

திருவண்ணாமலையில் இது தெரியாதவர் கிடையாது. பிள்ளைக்காக வேண்டிக்கொண்டவர்கள், திருவிழாவில் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே போட்டு, ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்து மாட வீதி சுற்றி வருவார்கள். ஆனால் அது கைக்குழந்தைக்கு. ஓவியாவுக்கு மூன்று வயது. தொட்டிலில் போட்டால் எழுந்து நின்று கரும்பைக் கடிக்கிற வயது.

"நான் தூக்கணுமா மாமா?" என்றாள் சிந்துஜா.

"பெத்தவங்கதாம்மா தூக்கணும். முன்னாடி அப்பன், பின்னாடி ஆத்தா. அதான் முறை."

"டாக்டர் வெயிட் தூக்கக் கூடாதுன்னாரே."

"சாமி காரியத்துல வெயிட்டு ஏதும்மா? தூக்கிப் பாரு, பஞ்சு மாதிரி இருக்கும்."

சிந்துஜா புருஷனைப் பார்த்தாள். அவன் பெயர் வல்லரசு. அப்பா இருமினாலே நாட்டில் பாதியை எழுதிக் கொடுத்துவிடுவான். நின்றுபோன ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், அதிலிருந்து ஏதாவது பதில் இறங்கி வரும் என்பதைப் போல.

காலையில் அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஓவியாவைக் குளிப்பாட்டி, துண்டில் சுருட்டி, பழக்க தோஷத்தில் தூக்கப் போய், இரண்டடி வைப்பதற்குள் மூச்சு இரைத்துச் சுவரைப் பிடித்து நின்றபோது சிரிப்பு போய்விட்டது.

வேண்டுதலில் அவளுக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தினமும் மலையைப் பார்த்து எழுந்திருக்கிறவர்கள் அந்தக் கேள்வியை அவ்வளவாகக் கேட்டுக்கொள்வதில்லை. அவள் பயம் வேறு. ஆபரேஷன் டேபிளில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், கருமாதி சாப்பாட்டு இலை எடுப்பதற்குள் கதை தயாராகிவிடும். அதை ஓவியாவிடம் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள், கன்னத்தைத் தடவிக்கொண்டு சொல்வார்கள்: 'ஒனக்காக வேண்டிக்கினதச் செய்யாம வுட்டதாலதான் ஒங்கம்மா போயிட்டா.' பதினைந்து வயசில், கல்யாண மேடையில், தனக்கொரு பிள்ளை பிறக்கும்போது என்று ஆயுசு முழுக்க அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு திரியும். தூக்காமல் செத்தால் பழி மகளுக்கு. தூக்கினால் டாக்டருக்கு வேலையே மிச்சமில்லாமல் போகலாம்.

செத்துப்போவதற்கான மற்ற ஏற்பாடுகளை அவள் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தாள், யாருக்கும் சொல்லாமல். வல்லரசுவுக்கு ரெட்டை ஜடை போடக் கற்றுக்கொடுத்தாள். முதல் நாள் அவன் போட்ட ஜடை ஒன்று வடக்கே பார்த்தது, ஒன்று வானத்தைப் பார்த்தது. "ஆன்டெனா மாதிரி இருக்குதுங்க," என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவிழ்த்து மறுபடி பின்னினான். எதற்காக இந்தப் பயிற்சி என்று அவன் கேட்கவே இல்லை என்பதைச் சிந்துஜா கவனித்தாள்.

அவளுக்கு வேலை கலெக்டர் ஆபீஸ் பக்கத்து இ-சேவை மையத்தில். மறு வியாழக்கிழமை ஒருவர் வந்து அண்ணனுக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்றார். அண்ணன் வந்திருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை, அவர் கறி எடுக்கப் போயிருக்கிறார். தினம் நாற்பது தரம் சொல்வதை நாற்பத்தோராவது தரமாகச் சொன்னாள்: "விண்ணப்பதாரர் நேர்ல வரணுங்க. கைரேகை வைக்கணும்."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வந்தவர் இரண்டு தரம் "மேடம், மேடம்" என்று கூப்பிட வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டு ஹாலில் கரும்பு நின்றது. அப்பாதுரையின் தம்பி குமரேசன் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். அப்பாதுரை ஒவ்வொரு கரும்பையும் தட்டிப் பார்த்து, நிலம் அளக்கிற தோரணையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். சிந்துஜா பையைக்கூட வைக்கவில்லை.

"மாமா, ஒரு டவுட்டு. இத யாரு வேண்டிக்கிட்டது?"

"குடும்பம்மா. குடும்பமே வேண்டிக்கிச்சு."

"குடும்பம்னு போட்டா எங்க சிஸ்டம் எடுத்துக்காதுங்க மாமா. ஆளு யாரு?"

"இது இன்னாம்மா கேள்வி?"

"நான் அப்ப பிரசவ வார்டுல இருந்தேன். கத்தறதுக்கே நேரம் பத்தல, வேண்டிக்க எங்க? ஏங்க, நீங்க வேண்டிக்கிட்டீங்களா?"

வல்லரசு யோசித்தான். "நான் ஃபிளாஸ்க் எடுத்துக்கினு வெந்நீர் வாங்கப் போயிருந்தேன்."

"நான் சொல்றேன்," என்றது சமையலறை வாசல். அங்கே மாமியார் ரேணுகாம்பாள் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"ரேணுகா, நீ உள்ள போ."

"உள்ளதான் இருக்கறேன், முப்பத்தஞ்சு வருஷமா." அவள் ஹாலுக்கே வந்துவிட்டாள். "ஆஸ்பத்திரி வராண்டா ஜன்னல்ல மலை தெரிஞ்சுது. இவரு ரெண்டு கையும் தூக்கி, 'அண்ணாமலையாரே, பேரன் பொறந்தா நானே என் தோள்ல கரும்புத் தொட்டில் தூக்கினு மாட வீதி சுத்தி வர்றேன்'னு, வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினாரு. நர்ஸம்மா வந்து பொம்பளப் புள்ளன்னு சொன்னாங்க. தூக்கன கைய எறக்கி பாக்கெட்டுல வுட்டுக்கினு, நேரா கேன்டீனுக்குப் போயி ரெண்டு வடை துன்னாரு. அதோட சரி."

ஹாலில் கரும்பு மட்டும்தான் நிமிர்ந்து நின்றது.

குமரேசன் அண்ணனுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். "அப்ப அது செல்லாதே அண்ணே. பேரன்னுதான சொன்ன? பேத்திக்குப் பொருந்தாதே!"

"ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க மாமா," என்றாள் சிந்துஜா. பேச்சு நடுவே மூச்சு வாங்கியது. அவள் மூச்சு வாங்கி முடிக்கும் வரை ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அந்த வீட்டில் அப்பாதுரைக்கே கிடைக்காத மரியாதை அது. "செல்லாதுன்னா, ஓவியா பேர்ல எந்தப் பாக்கியும் இல்ல. எனக்கு எது ஆனாலும் இதப்பத்தி ஒருத்தரும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. செல்லும்னா..."

"செல்லும்னா?" என்றார் அப்பாதுரை.

"விண்ணப்பதாரர் நேர்ல வரணும்."

வருவாய்த் துறையில் இருந்த காலமெல்லாம், கை நடுங்குகிற கிழவர்களைக்கூட இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் அப்பாதுரை திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? செல்லாது என்று சொல்லவும் வழியில்லை. மூலகாரணம் கண்டுபிடித்த செய்தியைத் தெரு முழுக்க அவரே சொல்லியாகிவிட்டது.

"நான் தூக்குறேன்," என்றார் அப்பாதுரை, கரும்பைப் பார்த்து.

"முன்னாடி நான்," என்றான் வல்லரசு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்காமலே அவன் பேசியது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "சிந்து சும்மா கைய வீசினு வரட்டும்."

சிந்துஜா டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டாள். வெறும் கையோடு மெதுவாக நடக்கலாம், மூச்சு வாங்கினால் உடனே உட்கார வேண்டும் என்றார்.

தேரன்று ராஜகோபுரத்து வாசலில் கற்பூரம் காட்டிக் கிளம்பினார்கள். முன்னால் சிந்துஜா, மாம்பழக் கலர் புடவையில், இரண்டு கையையும் வீசிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் வல்லரசு, தோளில் கரும்பின் முன்முனையோடு. நடுவில் தொட்டிலுக்குள் ஓவியா, தலையை வெளியே நீட்டி, தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி ஊருக்கே டாட்டா காட்டிக்கொண்டு. கடைசியில் அப்பாதுரை, பட்டு வேட்டியும் துண்டும் தோளில் கரும்புமாக.

"தாத்தா, குலுக்காத!"

"குலுக்கலடி கண்ணு. நீ எழுந்து நிக்காத."

தேரடித் தெரு தாண்டுவதற்குள்ளேயே சிந்துஜாவுக்கு மூச்சு வாங்கியது. பாத்திரக் கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். உட்கார்ந்தாள். தொட்டில் தூக்கினவர்கள் உட்கார முடியாது. பாதியில் கீழே வைக்கக் கூடாது என்பது முறை. அந்த முறையை முந்தின நாள் விளக்கிச் சொன்னவரும் அப்பாதுரைதான். அவர் நின்றார். அவள் தண்ணீர் குடித்து, முகம் துடைத்து, எழுந்து நடந்தாள். திருவூடல் தெருவில் மறுபடி உட்கார்ந்தாள். அவர் மறுபடி நின்றார். அந்த ஊர்வலம் முழுக்க அவள் மூச்சின் கணக்கில்தான் நகர்ந்தது. பேகோபுரத் தெருவுக்கு வரும்போது பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது, இதில் ஆபரேஷன் யாருக்கு என்று.

அங்கேதான் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பட்டா மாற்றத்துக்காக ஒரு காலத்தில் நடையாய் நடந்த ஆள் போலிருக்கிறது. "ஆர்.ஐ. சார்! நேர்லயே வந்துட்டீங்களா!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பாதுரையின் தோள் சிவந்திருந்தது. "சிந்துஜா, இந்த முனைய குமரேசன்கிட்ட கொஞ்சம் மாத்தலாமாம்மா?" என்றார், வாழ்க்கையில் முதல் முறையாகக் கெஞ்சுகிற குரலில்.

"விண்ணப்பதாரரை நடுவுல மாத்த முடியாதுங்க மாமா," என்றாள் சிந்துஜா. சொல்லிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். அதற்கும் மூச்சு வாங்கியது. பரவாயில்லை என்று அதற்கும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வடக்கு வீதி சுற்றி மறுபடி கோபுரத்துக்கு வந்தபோது அப்பாதுரை கரும்பை இறக்கிவைத்து, மலையைப் பார்த்து, சத்தமே வராமல் கும்பிட்டார். என்ன வேண்டினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. இந்தத் தடவை அவர் ஜாக்கிரதையாகிவிட்டார்.

பிறகு சென்னை. ஆபரேஷன் அன்று காலை சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போகும்போது சிந்துஜாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது வெறும் கத்திப் பயம், உயிர்ப் பயம், எல்லோருக்கும் வருவது. அதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. மகளுக்கு எந்தப் பழியும் மிச்சம் வைக்கவில்லை. "ஜடை இறுக்கிப் போட்டுடாதீங்க, அழுவா," என்று வல்லரசுவிடம் சொன்னாள். "நீ வந்து போடு," என்றான் அவன். கதவு மூடியது.

நெஞ்சை அறுத்தார்கள், இதயத்தை நிறுத்தினார்கள், உலோக வால்வை வைத்தார்கள், மறுபடி ஓடவிட்டார்கள், எலும்பைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. உள்ளே ஏதோ சின்னதாக, கறாராக, டிக் டிக் என்றது. இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமச் சொன்னார்கள், இருமினாள். நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். ஒரு மாடி ஏறச் சொன்னார்கள். பயந்துகொண்டே ஏறினாள், உச்சிப் படியில் நின்று, அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது பாட்டுக்கு வந்தது, போனது. நாற்காலி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அங்கேயே நின்று கொஞ்சம் அழுதாள். பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ், வலிக்குதாம்மா என்றாள். இல்லை என்றாள்.

வேங்கிக்காலில் ஆரத்தி, மேளம். தெரு முனையில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர்: 'மறுபிறவி எடுத்து வரும் மருமகளே வருக!' அதில் சிந்துஜா படம் தபால் தலை அளவில் இருந்தது. கரும்பு தூக்கின அப்பாதுரை படம் ஆளுயரத்தில் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் தோளைத் திறந்து தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தார். காட்டட்டும் என்று சிந்துஜா விட்டுவிட்டாள்.

ஒன்றுக்கு மட்டும் அவள் தயாராக இருந்தாள். ஓவியா ஒரு நாள் கேட்பாள். கேட்டால் அவளைப் பயமுறுத்தாமல், பொய் இல்லாமல், யார் மேலும் பழி இல்லாமல் எப்படிச் சொல்வது என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடியே வார்த்தை வார்த்தையாகக் கோர்த்து வைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் நைட்டி பட்டன் விலகியிருந்தபோது ஓவியா பார்த்துவிட்டாள். கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து நேராக இறங்குகிற கோட்டை ஒற்றை விரலால் மெதுவாகத் தொட்டாள்.

"ம்மா, இது இன்னா?"

சிந்துஜா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "சொல்றேன் கண்ணு. அம்மாவுக்கு உள்ள..."

"ஜிப்பா?"

"ஜிப் மாதிரிதான். அதுல..."

"தொறக்குமா?"

"இனிமே தொறக்காது."

ஓவியா அந்தக் கோட்டை இன்னொரு தரம் மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டாள்.